டெண்டரில் விளக்கு வைத்து இரண்டரை வருடம்

பின்னால் போகும்போது டெண்டரின், அதாவது நீராவி எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் தொட்டியின், முதுகில் மஞ்சள் விளக்கு, முன்னால் போகும்போது இரண்டு சிவப்புப் பொட்டு. என் ஹெச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாடல் நீராவி எஞ்சினுக்கு நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். விளக்கு அன்று சாயங்காலமே எரிந்துவிட்டது. அதை அணையாமல் எரிய வைக்கத்தான் எட்டு மாதம் ஆனது.

எஞ்சின் செகண்ட் ஹாண்டில் வாங்கிய 4-6-2 பசிபிக் (முன்னால் நாலு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வகை). வெளிநாட்டு மாடல், கறுப்படித்து நம் ஊர்ச் சாயலுக்குக் கொண்டு வந்தேன். நம் அகலப் பாதையின் 1676 மி.மீ. அகலத்தை 1:87-க்குச் சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வரும். இது ஓடுவதோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில். அதையே கண்டுகொள்ளாதவன் விளக்குக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இருட்டில் தண்டவாள அகலம் தெரியாது, விளக்கு தெரியும்.

எங்கள் பக்கம் நீராவி எஞ்சின் என்றாலே மேட்டுப்பாளையத்து மலை ரயில்தான். அந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு டெண்டரே கிடையாது, தண்ணீர் உட்பட எல்லாம் அதன் உடம்பிலேயே. அதனால் வீட்டில் யாருக்கும் டெண்டர் என்ற சொல்லே பழக்கமில்லை. "பின்னாடி இருக்கிற கரித்தொட்டிக்கு எதுக்குடா லைட்டு?" என்றார் அப்புச்சி. எஞ்சினைத் திருப்ப வட்டமேடை இல்லாத இடங்களில் டெண்டரை முன்னால் விட்டே ஓட்டுவார்கள், ராத்திரியில் அந்தப் பக்கமும் வழி தெரிய வேண்டாமா என்று சொன்னேன். அவருக்கு அது சமாதானமாக இருந்தது.

என்னுடையது சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர். அதில் ஒரு வசதி: திசை மாறினால் தண்டவாளத்தின் பிளஸ் மைனஸும் மாறிவிடும். ஆகவே வெள்ளை எல்.இ.டி. ஒன்றையும், தொடராகக் கட்டிய இரண்டு சிவப்பையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைத்து, நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும். முன்னே போனால் சிவப்பு, பின்னே போனால் வெள்ளை. சுவிட்சும் வேண்டாம், சிப்பும் வேண்டாம்.

ரெசிஸ்டரில் முதலில் 470 ஓம் போட்டேன். முழு வேகத்தில் கிட்டத்தட்ட 19 மில்லி ஆம்பியர் பாய்ந்து, பைபாஸில் ஹை பீமில் வரும் லாரி மாதிரி இருந்தது. பிறகு 1 கிலோ ஓம், கடைசியில் 3.3 கிலோ ஓம். அதில் 3 மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், ஆனால் இன்றைய எல்.இ.டி.க்கு அதுவே தாராளம். நிறத்திலும் ஒரு தப்பு செய்தேன். கையில் இருந்த கூல் வொயிட்டைப் போட்டதும் பழைய எஞ்சின் தெருவிளக்குக் கம்பம் போல ஆகிவிட்டது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஆரஞ்சு கிளாஸ் பெயிண்டை ஒரு துளி தடவியபின் பல்பின் மஞ்சள் வந்தது. முதலிலேயே வார்ம் வொயிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டெண்டரின் பிளாஸ்டிக் கூடு வெளிச்சத்தை மறைக்காது. முதல் நாள் மொத்த டெண்டரும் கார்த்திகை அகல் மாதிரி உள்ளிருந்து ஒளிர்ந்தது. உட்புறம் கறுப்பு நெயில் பாலிஷ் இரண்டு கோட். ஒட்டுவதற்கு எபாக்சி மட்டும். சூப்பர் க்ளூ வைத்தால் அதன் ஆவி பட்டு லென்ஸ் வெண்மை பூத்துவிடும்.

இனி ஒயர் சங்கதி. மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிய எனாமல் கம்பி கேட்டேன். 40-ம் நம்பர், முடி போல இருந்தது. "ஏனுங் தம்பி, எலிக்கு மோட்டார் கட்டப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, ஒரு பாபின் மிச்சத்தைக் காசு வாங்காமல் கொடுத்தார். அந்தக் கம்பியின் எனாமல் சால்டரிங் சூட்டுக்கு உருகாது, பிளேடால் சுரண்டித்தான் பற்ற வைக்க வேண்டும். தெரியாமல் அரை மணி நேரம் ஈயத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினிலிருந்து டெண்டருக்கு அதே கம்பியில் இரண்டு இழுத்தேன். நாலே மாதம். வளைவு திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி, ஒற்றைச் செம்புக் கம்பி அறுந்துவிட்டது. மறுபடி பற்ற வைத்தேன், மறுபடி அறுந்தது. அப்புறம்தான் டெண்டர் தன் சக்கரத்திலேயே கரன்ட் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்து, மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகட்டை நறுக்கிச் சக்கரங்களின் முதுகில் உரசும்படி வைத்தேன். அழுத்தம் கூடினால் சக்கரம் சுழலாமல் இழுபடும், டெண்டர் தடம் புரளும். குறைந்தால் விளக்கு கண் சிமிட்டும். டெண்டர் லேசாக இருந்ததும் ஒரு காரணம். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம் கட்டிகள் நாலைக் கரிக்குவியலுக்கு அடியில் ஒட்டியதும் பாதிச் சிமிட்டல் நின்றது.

மீதிப் பாதிக்குக் காரணம் ஊர். நான் இருப்பது திருப்பூர், ரயில் மேசை இருப்பது பவர் டேபிள் யூனிட்டுக்கு மேல்மாடியில். கீழே ஓவர்லாக் மெஷின்கள் நாளெல்லாம் பறக்கவிடும் பஞ்சு, ஆடிக்காற்றில் ஜன்னல் வழியே வந்து தண்டவாளத்தில் படியும். அச்சில் ஒரு துளி எண்ணெய் அதிகமாகிவிட்டால் தீர்ந்தது கதை. பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி மாதிரி சுற்றிக்கொள்ளும். ஒரு தடவை ட்வீசரால் பிடித்து இழுத்தபோது கடைசி அச்சிலிருந்து வளையமாகக் கழன்று வந்தது, குழந்தை விரலுக்கு மோதிரமாகப் போடலாம். எங்கெங்கோ மெஷின் துடைக்க எங்கள் ஊர் பனியன் வேஸ்ட் போகிறது. நானும் அதையே ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளம் துடைத்தேன். துடைத்த அளவுக்குப் புதுப் பஞ்சு. இப்போது கண்ணாடி துடைக்கும் துணிதான்.

சிமிட்டலை நிறுத்த, கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 220 மைக்ரோ ஃபாரட் ஒன்றை நேராக வைத்துவிட்டு எஞ்சினைப் பின்னால் எடுத்தேன். தலைகீழ் மின்சாரம் பாய்ந்து அது வயிறு ஊதி, 'புஸ்' என்று நாற்றம். எந்தப் பக்கம் வந்தாலும் மின்சாரத்தை ஒரே திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வைத்திருந்தால் பிழைத்திருக்கும், ஆனால் திசைக்கு ஒரு நிறம் என்ற விளையாட்டு போய்விடும். சிமிட்டல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஒரு வருடம் கழித்து, ரயில்வேயில் ஓய்வு பெற்ற போத்தனூர்ப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். ஐந்து பெட்டிகளுடன் ஓட்டிக் காட்டினேன். "நல்லாருக்குதுங் தம்பி. ஆனா வண்டி மாட்டியிருக்கறப்ப டெண்டர்ல எதுக்குங்க செவப்பு? அது கடைசிப் பெட்டிக்கல்லங்க?" என்றார். எஞ்சின் தனியாகப் போனால்தான் அதன் முதுகில் சிவப்பு. இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லை. சிவப்பை மட்டும் அணைக்க டெண்டரின் அடியில் ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் வைத்தேன். அதில் ஒரு சிக்கல்: வெள்ளைக்கு வரும் தலைகீழ் மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தச் சிவப்புதான். பெரும்பாலான எல்.இ.டி.கள் தலைகீழாக 5 வோல்ட் வரைதான் தாங்கும். சிவப்பை அணைத்து முன்னால் ஓட்டினால் வெள்ளையின் தலையில் முழு 12-ம் விழும். அதனால் வெள்ளைக்குத் துணையாக, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் 1என்4148 டையோடு ஒன்று. இரண்டு ரூபாய் சமாசாரம்.

குறை இல்லாமல் இல்லை. எஞ்சின் நின்றால் விளக்கும் அணையும், ஊர்ந்து போனால் மங்கும். டி.சி.சி.க்கு (தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்க, எஞ்சினுக்குள் இருக்கும் சிப் வழியே ஓட்டும் டிஜிட்டல் முறை) மாறினால் தீரும், அதற்கான காசுக்கு இன்னொரு எஞ்சின் வாங்கலாம் என்பதால் நான் மாறவில்லை. எல்.இ.டி. ஒன்றுகூட இதுவரை போகவில்லை. தகடுகளை மட்டும் ஒரு தடவை மாற்றினேன்.

எதிர்பாராத லாபம் ஒன்று. முன்பெல்லாம் எஞ்சின் திக்கி நின்ற பிறகுதான் தண்டவாளம் அழுக்கு என்று தெரியும். இப்போது அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே விளக்கு எந்த இடத்தில் சிமிட்டுகிறது என்று பார்த்துவிடலாம். நேற்று சாயங்காலம் சைடிங் (பக்கவாட்டுக் கிளைப் பாதை) திருப்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு முறை சிமிட்டியது. துணியை எடுத்து வைத்திருக்கிறேன், கீழே ஷிஃப்ட் முடிந்து மெஷின் நிற்கட்டும்.