பரிசாகக் கொடுத்த கத்திகள்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கத்தியைப் பரிசாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கத்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். அலகில் ஓடும் அலைக்கோடுகள், மரப்பெட்டி, பெட்டிக்குள் வெல்வெட் துணி. வாங்கிக்கொள்கிறவர் எதன்மேல் வைத்து நறுக்குகிறார், எப்படிக் கழுவுகிறார், கூர் மழுங்கினால் யாரிடம் கொடுக்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் குடும்பத்துத் திருமணங்களுக்கும் புதுமனை புகுவிழாக்களுக்கும் பல ஆண்டுகளாகக் கத்திதான் என் வழக்கமான பரிசு. கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் வருகிறேன் என்பதால் ஒவ்வொன்றும் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பது தெரியும். போன இடத்தில் சமையலறைக்குள் நுழைந்து கத்தியின் கூர் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. உறவினர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் சகுனத்தைப் பேசிவிடலாம். கத்தியை நேராகக் கையில் கொடுத்தால் உறவு முறியும் என்று நம் வீடுகளில் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதையே பரிசாக நீட்டினால் பெரியவர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். இதே அச்சம் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே வாங்குகிறவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து, பரிசை விலைக்கு வாங்கியதாக ஆக்கிவிடுவார். திருநெல்வேலியில் என் பெரியம்மா அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் கத்தியைப் பிரித்ததும் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வைத்தார். “இந்தா, விலை கொடுத்துவிட்டேன். இனி இது என் கத்தி.” இப்போதெல்லாம் நானே ஒரு ரூபாய் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

கொடுத்தவற்றில் அதிகம் உழைப்பது தாம்பரத்தில் அக்கா வீட்டில் இருக்கும் விக்டோரிநாக்ஸ் 20 சென்டிமீட்டர் கத்தி. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, வெறும் எவர்சில்வர் அலகு. கொடுத்த அன்று அதை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கவில்லை. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் இந்தச் சுவிஸ் கத்திகள் ஏறத்தாழ 56. கத்தி உலகில் இது மென்மையான பக்கம். மென்மை என்றால் கூர் சீக்கிரம் போகும், போன வேகத்தில் திரும்பியும் வரும். தவறிப் போய் எலும்பில் பட்டால் விளிம்பு மடங்குமே தவிர உடையாது. அக்கா வீட்டில் பூசணி, சேனைக்கிழங்கு, ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் எல்லாமே அதில்தான். அக்காவும் நறுக்குவார், அத்தானும் நறுக்குவார், வேலைக்கு வரும் அம்மாவும் நறுக்குவார். மூன்று பேர் கைக்கும் வளைந்து கொடுக்கிற கத்தி. மீன் கழுவிய ஈரக் கையில் அந்தச் சொரசொரப்பான பிடி வழுக்காது. பளபளவென்று மெருகேற்றிய மரப்பிடியில் இந்த நிம்மதி கிடையாது.

கொஞ்சம் கனமாக வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மன் கத்தி பொருந்தும். கோயம்புத்தூரில் சித்தப்பா மகனுக்கு ஒரு வூஸ்தோஃப் கொடுத்தேன். கனத்துக்காகவே அவனுக்குப் பிடித்திருக்கிறது. அதன் எஃகு 58, சுவிஸ் கத்தியைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் கூர் நிற்கிறது. கடையில் ஒன்றைக் கவனியுங்கள்: கத்திக்குப் பேர் போன ஜோலிங்கன் என்ற ஊரின் பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. கண்ட இடத்தில் செய்து அந்தப் பெயரைப் பொறிக்க முடியாது. ‘ஜெர்மன் எஃகு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கத்தி எங்கே உருவானது என்று அது எதையும் சொல்லவில்லை.

ஜப்பானியக் கத்தியில்தான் பரிசு கொடுப்பவர்கள் மயங்குகிறார்கள். நானும் மயங்கியவன்தான்; மயங்கத்தக்க பொருள்தான் அது. எல்லாக் காய்க்கும் பொதுவான சாண்டோகு என்ற வகையில் 17 சென்டிமீட்டர் கத்தி ஒன்று வேளச்சேரியில் நண்பர் வீட்டில் இருக்கிறது. நடுவில் விஜி-10 எஃகு, கடினம் 60ஐத் தாண்டும். பழுத்த தக்காளியின் மேல் வைத்து இழுத்தால் தோல் நசுங்காமல், விதை சிதறாமல், அடுத்த பக்கம் தெரிகிற மெல்லிய வில்லையாக விழும். அவர்கள் சைவம், மரப்பலகையில்தான் நறுக்குவார்கள், நறுக்கியதும் துடைத்து வைத்துவிடுவார்கள். கத்தி இன்னும் புதிதுபோல இருக்கிறது. ஏறத்தாழ அதே வகைக் கத்தி பெங்களூரில் தம்பி வீட்டுக்கும் போனது. அங்கே கிரானைட் மேடைதான் பலகை. ஒரு நாள் ஆட்டுக்கறி எலும்பில் இறங்கியிருக்கிறது, இன்னொரு நாள் தேங்காய்ச் சில்லைக் கெல்லியிருக்கிறது. இன்று விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கடுகளவு பொக்கைகள் வரிசையாகத் தெரியும். எஃகில் குறை சொல்ல முடியாது. கடினமான எஃகை அவ்வளவு மெல்லிதாகத் தீட்டினால் அது பக்கவாட்டுத் திருகலைத் தாங்காது, அவ்வளவுதான்.

அலைக்கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல கத்தியில் அவை பல அடுக்கு எஃகைச் சேர்த்து அடித்ததால் வருபவை, ஆனால் வெட்டுவது அந்த அடுக்குகள் அல்ல, நடுவில் இருக்கும் ஒற்றைத் தகடு. மலிவான கத்திகளில் அந்தக் கோடுகள் வெறும் மேற்பூச்சு வேலை. கோடுகளுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

அரிவாள்மணையில் பழகியவர்களுக்குக் கத்தி வாங்குவது தனிக் கலை. அரிவாள்மணையில் அலகு அசையாது, காய்தான் நகரும். இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும். அப்படிப் பழகிய கை கத்தியைப் பிடித்தாலும் பலகையைத் தேடாது. காயை இடது கையில் வைத்து, கட்டைவிரலை நோக்கி இழுத்துச் சட்டிக்கு மேலேயே நறுக்கிவிடும். வெங்காயம், கத்தரிக்காய், பீன்ஸ் எல்லாம் இப்படித்தான். இவர்களிடம் 20 சென்டிமீட்டர் கத்தியைக் கொடுத்தால் அது பீரோவுக்குப் போய்விடும். பெரியம்மாவுக்கு நான் கொடுத்தது 8 சென்டிமீட்டர் சிறு கத்தியும், 11 சென்டிமீட்டர் பல் வைத்த தக்காளிக் கத்தியும். இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். கொடுக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் தினமும் அவர் கையில் இருப்பது அந்தப் பல் கத்திதான். பூசணி வெட்ட இன்றும் அரிவாள்மணையைத்தான் இழுத்துப் போடுகிறார்.

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். அதுபோன்ற ஊர்களின் கொல்லுப்பட்டறைக் கத்திகளைப் பரிசாகக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூருக்குக் குறைவில்லை, விலையும் கம்மி. ஆனால் இரும்பு இரும்புதான். வாழைப்பூவும் மாங்காயும் பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் காலையில் துரு. துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி வைக்கிற பொறுமைக்காரருக்கு மட்டும் கொடுங்கள். பீங்கான் கத்தி கீழே விழுந்தால் உடையும், வேண்டாம். பன்னிரண்டு கத்தியும் மரத் தாங்கியுமாக வரும் செட்டில் மூன்றுதான் புழங்கும், மற்றவை தூசி பிடிக்கும்.

எந்தக் கத்தியானாலும் சாணையில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. தெருவில் சைக்கிள் சக்கரத்தில் கல்லைச் சுழற்றிக்கொண்டு வருபவர் அரிவாள்மணைக்கு ஏற்றவர். அதே வேகத்தில், தண்ணீர் இல்லாமல், பொறி பறக்க மெல்லிய கத்தியைத் தீட்டினால் விளிம்பு சூடேறிப் பதம் போய்விடும். இரண்டு சக்கரத்துக்கு நடுவே இழுக்கும் சிறு கருவி உடனே கூர் தரும், கூடவே அலகைச் சுரண்டித் தின்றும்விடும். அதனால் கத்தியோடு 1000 எண் தண்ணீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் சாணைக்கல்; எண் அதன் நைசைச் சொல்வது) ஒன்றைச் சேர்த்தே கொடுக்கிறேன். கல்லை ஊற வைத்து, அலகைக் கொஞ்சமாகச் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக மெல்ல வழித்துப் பார்த்தால், தேய்த்ததற்கு எதிர்ப்பக்கத்தில் நூல் போல ஒரு பிசிர் தட்டுப்படும். அது அடியிலிருந்து நுனிவரை வந்த பிறகுதான் கத்தியைத் திருப்பிப் போட வேண்டும். பிசிர் வருவதற்கு முன்பே திருப்பிவிடுவதால்தான் ‘எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை’ என்கிறார்கள். எஃகுக் கம்பியில் உரசித் தீட்டுவது சுவிஸ், ஜெர்மன் கத்திகளுக்குச் சரி. கடினமான ஜப்பானிய அலகை அதில் உரசக் கூடாது.

மொத்தத் தொகையில் பாதியை மட்டும் கத்திக்கு ஒதுக்கி, மீதியில் கல்லும் நல்ல மரப்பலகையும் வாங்குவது என் வழக்கம். ரயிலிலோ காரிலோ போனால் பிரச்சினை இல்லை. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்துவிடாமல், ஒப்படைக்கும் பெட்டியில் போட வேண்டும்.

வரும் தை மாதம் அத்தை மகளுக்குத் திருமணம். அந்த வீட்டில் சமையல் மாப்பிள்ளைதான் என்று இப்போதே முடிவாகிவிட்டதாம். அவர் இடது கைக்காரர். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய ஜப்பானியக் கத்திகள் பெரும்பாலும் வலது கைக்கே செய்யப்படுகின்றன என்பதால் அவற்றைத் தொடப் போவதில்லை. இரு பக்கமும் தீட்டிய சுவிஸ் கத்தி ஒன்று, கல், புளியமரப் பலகை என்று முடிவு செய்திருக்கிறேன். “பெட்டி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்டா, மண்டபத்தில் நாலு பேர் பார்ப்பார்கள்” என்கிறார் அத்தை. பலகை இருப்பதால் பெட்டி எப்படியும் பெரிதாகத்தான் இருக்கும்.