கடைசிப் பத்து நிமிடங்கள்: ‘ட்ரெய்லர் பார்க்’ இசைத்தட்டின் முதற்பதிப்பு

ஆங்கிலப் பாடகி பெத் ஓர்ட்டனின் ‘ட்ரெய்லர் பார்க்’ இசைத்தட்டின் 1996ஆம் ஆண்டு முதற்பதிப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், சொல்லப்படும் விலைக்கு அதை வாங்கலாமா என்றும் மாங்குளத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதே பதிப்பைப் பல ஆண்டுகளாகக் கிளிநொச்சியில் வைத்துக் கேட்டுவருகிறேன். அண்மையில் தட்டை ஓட்டும் இயந்திரத்தைத் திருத்தி ஊசியையும் மாற்றியிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

ஓர்ட்டனைக் கிட்டாரும் கையுமாகத் தொடங்கிய பாடகி என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவருடைய குரல் முதலில் கேட்டது மின்னிசைக்காரர்களின் தட்டுகளில்தான். கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் 1995ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் நிறைவுப் பாடலைப் பாடியவர் அவரே. ‘ட்ரெய்லர் பார்க்’கின் முதற்பாடலும் அதே ஆண்டில் வில்லியம் ஓர்பிட்டின் தொகுப்பொன்றில் வேறொரு வடிவில் வந்துவிட்டது. இந்தத் தொகுப்பில் பெரும்பாலான பாடல்களை விக்டர் வான் வுக்ட் தயாரிக்க, சிலவற்றை நடனக்கூட இசையில் பெயர்பெற்ற அன்ட்ரூ வெதரோல் தயாரித்தார். 1997இல், ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குப் பிரித்தானியாவில் வழங்கப்படும் மேர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

இந்தத் தட்டை நான் கொண்டாடுவதற்கு ஒரே காரணம் அதிலுள்ள இரட்டைப் பாஸ் வாத்தியத்தின் ஒலி. கைத்தொலைபேசியில் கேட்கும்போது வெறும் அதிர்வாக அடியில் கிடக்கும் அது, தட்டில் மரத்தாலான ஒரு பெரிய வாத்தியமாகவே அறைக்குள் வந்து நிற்கிறது. விரல் நரம்பை விட்டு எழும் கணம்கூடத் தெரிகிறது. அதற்குமேல் ஓர்ட்டனின் சற்றுக் கரகரத்த குரல் சேரும்போது, கிட்டாரும் மின்னொலியும் இரண்டு வெவ்வேறு உலகங்கள் என்ற எண்ணமே எனக்கு இல்லாமற்போய்விடுகிறது. முதல் பக்கத்தைக் கேட்டு முடித்த எவருக்கும் இதை வாங்கச் சொல்லத்தான் தோன்றும்.

சிக்கல் முழுவதும் கடைசிப் பாடலில் இருக்கிறது. வெதரோல் தயாரித்த அந்தப் பாடல் பத்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. மின்னிசை வேரும் தனிக்குரலும் முற்றாக ஒன்றுகலக்கும் இடம் அதுவே என்பதால் தொகுப்பின் உச்சமும் அதுதான். ஆனால் அது அமைந்திருப்பதோ தட்டின் மையத்தை ஒட்டி. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் தட்டில், வெளிவிளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளமான, ஒலி பதிந்த பள்ளம் ஊசியைக் கடந்து செல்கிறது; உள்ளே வரவர அது 21 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால், உருண்டை முனையுள்ள சாதாரண ஊசியால் அந்த நுண்வளைவுகளுக்குள் இறங்க முடிவதில்லை. குரலில் ‘ஸ்’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. நீள்வட்ட முனையுள்ள ஊசியைப் போட்ட பிறகு சீற்றம் ஓரளவு தணிந்ததே தவிரத் தீரவில்லை.

தீராததன் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். முன்னர் யாரோ தேய்ந்த ஊசியாலோ அதிக பாரத்தாலோ இதே பாடலை ஓட்டி, பள்ளத்தின் சுவரைச் சிதைத்திருக்கிறார்கள். எனக்கு விற்றவர் இதை ‘ஏறத்தாழப் புதியது’ என்றுதான் விவரித்திருந்தார். விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் இன்றும் புதிதாகத்தான் தெரிகிறது. சேகரிப்பாளர் சந்தையில் தரத்தைக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். உறையின் மூலை மடியாதிருந்தால் விலை ஏறுகிறது, பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்பதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருளை இப்படி விலை பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இவற்றுடன் நம் வன்னியின் கோடையும் சேர்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி எந்த யன்னலையும் மதிப்பதில்லை. உலர்ந்த காற்றில் மின்னேற்றம் பெறும் தட்டு அந்தப் புழுதியைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஊசி ஒரு பக்கம் முழுவதும் அதை வாரிக்கொண்டு, ஏற்கெனவே நலிந்த கடைசிப் பாடலுக்கு வந்து சேர்கிறது. கிணற்றுநீரால் கழுவினால் அதன் சுண்ணாம்பு பள்ளத்தில் படியும்; வாகன பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரே பாதுகாப்பானது. மாரியில் காற்று ஈரமாக இருக்கையில் இதே தட்டு எவ்வளவோ அமைதியாக ஓடுகிறது.

முதற்பதிப்புத்தான் வேண்டும் என்று நான் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. 1996இல் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரவே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். அந்த ஆண்டில் உலகின் வேறொரு மூலையில் அச்சான இசை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசை நிறைவேறியது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. கச்சான் அடிக்கும் நாளில் எழுதுவதால் பதில் இவ்வளவு கடுமையாக வருகிறது என்று அவர் நினைத்தால் நான் மறுக்க மாட்டேன். 2009இல் வந்த விரிவான இறுவட்டுப் பதிப்பில் கடைசிப் பாடல் சிதையாமல் இருக்கிறது, விலையும் தாங்கக்கூடியது. அதையும் மீறித் தட்டே வேண்டுமென்றால், அந்தக் கடைசிப் பாடலை முழுமையாக ஓட்டி ஒலிப்பதிவு செய்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் பணத்தை அனுப்பாதீர்கள்.