பழைய அம்பாசடரில் ஆயில் கசிவு: சீலா, பிரீதரா?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய அம்பாசடர் ஆத்தங்குடித் தரையில் ஆயில் சொட்டினால், உடனே 'இன்ஜினை இறக்கி சீல் போட்டுடலாம்' என்பார்கள். அந்த 1489 சிசி இன்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் தண்டில் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) வெட்டிய திருகு வரிகள்தான் ஆயிலை உள்ளே திருப்புகின்றன. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாயான பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, அந்த வரிகளைத் தாண்டி ஆயில் வெளியே வரும்.

அதனால் நான் முதலில் பிரீதரைத்தான் பார்க்கச் சொல்வேன். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ ஒரு காலைப்பொழுது போதும். புதிதாக சீல் பொருத்த கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் இறங்கணும். அழுத்தம் குறையாவிட்டால் அதுவும் கசியும். கசிவு இன்ஜின் மேலே உள்ள வால்வு மூடியிலிருந்து வந்தால், அதன் காய்ந்த கேஸ்கெட்டை (இடைவெளி அடைக்கும் பட்டை) மாற்றுவது சின்ன வேலைதான்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்காமல் சீலுக்கும் பிரீதருக்கும் செலவு செய்யாதீர்கள்.