திருகோணமலை உப்புக்காற்றில் ஒரு வெஸ்பா பி.எக்ஸ் 150

பழைய வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காமல் முதலில் கீழே படுத்து அடித்தகட்டைப் பாருங்கள். விற்கிறவர் எப்போதும் எஞ்சினைத்தான் காட்டுவார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், நமக்கும் ஆசை வந்துவிடும். ஆனால் இந்த வண்டிக்குச் சேஸி என்று தனியாக ஒன்றும் கிடையாது, அழுத்தி ஒட்டிய தகட்டு உடம்பேதான் சேஸி. அது உக்கினால் வண்டியே போச்சு. கடலுக்குத் தூரமாக வவுனியா, அநுராதபுரம் பக்கம் நின்ற வண்டி என்றால் பரவாயில்லை. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை வீட்டு முற்றத்தில் நின்றது என்றால், கால் வைக்கிற தட்டின் அடியில் உள்ள தாங்கிகளை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். என்னுடைய பி.எக்ஸ் 150 இல் புதுப் பெயின்ற், புது இறப்பர் பாய் என்று எல்லாம் பளபளப்பு. பாயைத் தூக்கினால் பாதி தகடு, பாதி ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டி. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன், குறைந்த காசு அப்படியே வெல்டிங் கடைக்குப் போனது.

எஞ்சினைப் பற்றி எனக்கு முறைப்பாடே இல்லை. பி.எக்ஸ் வரிசை 1977 இல் இத்தாலியில் வந்தாலும் அடிப்படை யோசனை 1946 இல் போட்டதுதான். வெஸ்பா செய்கிற பியாஜியோ நிறுவனத்துக்கு முதல் வெஸ்பாவை வரைந்த கொராடினோ தஸ்கானியோ விமான எஞ்சினியர், ஹெலிகொப்டர் செய்த ஆள். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. செயின் ஒயில் உடுப்பில் தெறிப்பதும் பஞ்சரானால் சில்லைக் கழற்றப் படும் பாடும் வேண்டாம் என்று செயினையே எடுத்துவிட்டு எஞ்சினைப் பின் சில்லோடு சேர்த்தார், சில்லுகளை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்துவைத்தார். கந்தளாய் ரோட்டில் கடைகண்ணி இல்லாத இடத்தில் காற்றுப் போனால் அந்த மனிசனைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். ஐந்து நட், இடப்பக்க மூடிக்குள் மாற்றுச் சில்லு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு. ரிம் இரண்டாகப் பிரிவதால் ரியூப் மாற்ற லீவரும் தேவையில்லை. காற்றை முழுக்க இறக்காமல் மட்டும் ரிம் நட்டில் கை வைக்காதீர்கள், ரிம் முகத்துக்குப் பாயும்.

திருத்த வேலைக்கு வருவோம். ஆக்சிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சின் ரேஸாகிக்கொண்டே நின்றால் பெரும்பாலான கராஜ்களில் காபரேற்றரைத்தான் குடைவார்கள். அதைக் கழுவியும் அடங்காவிட்டால் பிளைவீல் (எஞ்சினோடு சுற்றுகிற கனச் சக்கரம்) பக்க ஒயில் சீலைச் சந்தேகப்படுங்கள், கிழிந்த சீல் வழியாகக் காற்றை இழுக்கும். அப்படியே ஓடினால் சூடேறி பிஸ்டன் இறுகும், அதுவும் கச்சான் காற்று சூடாக வீசுகிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். வெள்ளைப் புகை ஓயாமல் வந்து கியர் ஒயிலும் குறைந்தால் அது மற்றப் பக்கம், கிளச் பக்க சீல். கியர் ஒயில் 250 மில்லிதான், வடித்து முகர்ந்தால் பெற்றோல் மணக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாம் கியர் தானாக வெளியே பாய்ந்து, கேபிளை இறுக்கியும் சரிவரவில்லை என்றால், உள்ளே கியரைப் பிடிக்கிற நாலு கைத் துண்டின் முனைகள் மழுங்கியிருக்கும். சாமான் சின்னதுதான், ஆனால் அதற்காக எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

எஞ்சினை இறக்குவது கேள்விப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. கேபிள், வயர், பெற்றோல் குழாயைக் கழற்றினால் மிச்சம் பிடித்திருப்பது ஒரு நீட்டுப் போல்ட்டும் பின் ஷொக் போல்ட்டும்தான். நம்ம ஊரில் பிரச்சினை அந்த நீட்டுப் போல்ட். உப்புக்காற்றில் கறள் பிடித்து இறப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், அடித்தாலும் அசையாது. ஒருமுறை வெளியே எடுத்தால் நன்றாகக் கிரீஸ் பூசித்தான் திரும்பப் போட வேண்டும். எனக்கு இதைக் காட்டித் தந்தது திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் வேலை செய்கிற வயசான மெக்கானிக் ஒருவர். “தம்பி, இதுக்குக் கிரீஸ் பூசாதவன் எஞ்சினில கை வைக்கக் கூடாது” என்று ஏசிக்கொண்டேதான் செய்வார். அவரிடம் போகுமுன் இன்னொரு கராஜில் பிளைவீலை அதற்குரிய இழுவை (இழுத்துக் கழற்றுகிற கருவி) இல்லாமல் சுத்தியலால் அடித்துக் கழற்றினார்கள், கிராங்க் ஆட்டம் கண்டது. இழுவை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வண்டியை விடுங்கள்.

சாமான்: இத்தாலியில் இருந்து வருவது கைக்கு எட்டாத விலை. இந்தியாவில் எல்.எம்.எல் நிறுவனம் பியாஜியோவுடன் கூட்டாக இதே பி.எக்ஸ்ஸைத்தான் செய்தது, அதனால் அதன் சாமான் பெரும்பாலும் பொருந்தும். கொழும்புக்குப் போனால் பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். இந்தியாவின் இன்னொரு ஸ்கூட்டரான பஜாஜ் சேதக்கின் பிஸ்டனைத் தூக்கித் தந்து “எல்லாம் ஒண்டுதான்” என்பார்கள், நம்பாதீர்கள். சேதக்கின் குறுக்களவு 57 மில்லிமீற்றர், இதற்கு 57.8. மலிவான கேபிளும் வாங்க வேண்டாம், கியர் கேபிள் அறுந்தால் இருக்கிற கியரிலேயே வீடு வரவேண்டியதுதான்.

ஓட்டம் எப்படி? எஞ்சின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், பழகிவிடும். கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது சின்னச் சில்லில் நடுக்கம் தெரியும், மெதுவாகப் போங்கள். முன் டிரம் பிரேக் பேருக்குத்தான். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் கோட்டைக்குள் மான் குறுக்கே வந்தால் பின் பிரேக்தான் கதி. உவர்மலை இறக்கத்தில் ஆக்சிலேற்றரை முழுக்க மூடி கியரில் பிடித்து இறங்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடு கலந்துதான் வருகிறது, மூடினால் அதுவும் குறைந்து பிஸ்டன் இறுகும். பெற்றோல் லீற்றருக்கு ஒயில் 20 மில்லி, அதற்கு மேல் ஊற்றினால் பிளக் கரியாகும், புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள்.

கடைசியாக வண்டியின் பதிவுப் புத்தகம். எல்.எம்.எல் எஞ்சின் ஏற்றிய வண்டிகள் சந்தையில் இருக்கின்றன, ஓட்டத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் மாற்றிப் பதியப்படவில்லை என்றால், விற்கிறவர் “பிறகு செய்யலாம்” என்று எவ்வளவு இனிக்கப் பேசினாலும் நான் அதற்குப் பாதி விலைகூடக் கொடுக்கமாட்டேன்.