ஒரே வார்த்தைக்கு ஒன்றரை மணி நேரம்: அஸ்தம்பட்டி மாடி இங்கிலீஷ் வகுப்பு

சேலத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எங்கே நல்லா இருக்கும் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். போர்டு எதுவும் மாட்டவில்லை. வாரம் 3 நாள், சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை, மாதம் 800 ரூபாய். நான் 4 மாதமாகப் போகிறேன்.

எனக்கு வேலை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில், ஆர்டரும் கணக்கும் பார்ப்பது. நம் ஊரில் கொலுசை லெக் செயின் என்றும் சொல்வோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டுக்கார அம்மா ஒருவருக்கு 'லெக் சைஸ் அனுப்புங்கள்' என்று எழுதிவிட்டேன். அவர் கெண்டைக்காலைச் சுற்றி அளந்து 14 இஞ்ச் என்று அனுப்ப, பட்டறையில் அதே அளவில் செய்து அனுப்ப, ஜோடி அப்படியே திரும்பி வந்தது. முதல் நாளே இதை டீச்சரிடம் சொன்னேன். அடுத்த வகுப்பில் போர்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: ஃபுட் (foot).

"நமக்கு இடுப்புக்குக் கீழே விரல் வரைக்கும் எல்லாமே கால்தான். அவங்களுக்குக் கணுக்காலோட லெக் முடிஞ்சிருது, அதுக்குக் கீழே ஃபுட். உங்க கொலுசு நிக்கிற இடம் ஆங்க்கிள்" என்று தன் காலையே நீட்டிக் காட்டினார். என் ஆர்டர் எங்கே தப்பியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அங்கிருந்து மலைக்குப் போனார். மலையின் ஃபுட், நம் அடிவாரம். கோரிமேடு தாண்டி பஸ் நிற்கும் அதே அடிவாரம்தான். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, உயரம் சுமார் 4,970 அடி, அந்த அடிக்கும் இங்கிலீஷில் ஃபுட்தான், பன்மையில் ஃபீட். ஓர் அடி சரியாக 30.48 சென்டிமீட்டர் என்று 1959-இல்தான் இங்கிலீஷ் பேசும் நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு ஒன்றாக்கினார்களாம். பக்கத்தின் அடியில் வருவது ஃபுட்நோட், நமக்கு அடிக்குறிப்பு. பில்லை ஃபுட் பண்ணுவது என்றால் பணம் கட்டுவது, முதலில் அதற்கு அர்த்தம் தொகையைக் கூட்டி அடியில் எழுதுவது. தினமும் லெட்ஜரில் அதைச் செய்கிற எனக்கு இது இனி மறக்காது.

இப்படி எல்லாமே அடி அடி என்று பொருந்திக்கொண்டே வந்ததா, தமிழ் எம்.ஏ. படிக்கும் ஒரு தம்பி "அப்போ கவிதையில வர்ற ஃபுட்டும் அடிதானே டீச்சர்?" என்று கேட்டான். அங்கேதான் இல்லை. தமிழில் அடி என்பது முழு வரி. இங்கிலீஷ் கவிதையில் ஒரு வரிக்குள்ளேயே நாலைந்து ஃபுட் இருக்கும். அது நம் சீருக்குத்தான் பக்கத்தில் வரும். குறளுக்கு அடி 2, சீர் 7 என்று மேசையில் தட்டித் தட்டி எண்ண வைத்தார், மாடி முழுக்க சத்தம்.

முன்னால் வேறு ஓர் இடத்தில் 3 மாதம் பணம் கட்டிப் படித்தேன். தினம் 50 வார்த்தை ஜெராக்ஸ், மனப்பாடம், டெஸ்ட். ஃபுட் என்றால் பாதம், அவ்வளவுதான் அதில் இருந்தது. இந்த டீச்சரோ அந்தப் பாதத்தையும் விடவில்லை. பாதம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, ஃபுட்டும் அந்தச் சொல்லும் ஒரே பழைய வேரில் பிறந்தவை, அங்கே 'ப' இருந்த இடத்தில் இங்கிலீஷ் பக்கம் 'ஃப' ஆகிவிட்டது என்று சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

குறை இல்லாமல் இல்லை. மாடிப்படி ரொம்பக் குறுகல், முட்டி வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். வண்டியைத் தெருவில்தான் விட வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் அந்தப் பாடம் போனதுதான், நோட்ஸ் எதுவும் தருவதில்லை, இதை அவர் மாற்றிக்கொண்டால் நல்லது. பரீட்சைக்கு அவசரமாகத் தயாராகிறவர்களுக்கு இந்த வேகம் ஒத்துவராது.

அடுத்த வாரம் 'ஹெட்' எடுக்கிறாராம். புதிதாக வருகிறவர்கள் திங்கட்கிழமை ஆறு மணிக்கே போய்விடுங்கள், நாற்காலி 12தான் இருக்கிறது.