'நான்-டெய்ரி' க்ரீம் கேக்: பால் அலர்ஜி உள்ள பிள்ளைங்க வீட்டுல கவனம்

பேக்கரிக்காரங்க 'நான்-டெய்ரி' (பால் சேராத) க்ரீம்னு சொல்ற அந்த வெள்ளை க்ரீம்ல பால் புரதம் இருக்கலாம். நாங்க திருச்சியில வாங்கின பிறந்தநாள் கேக்ல இருந்துச்சு.

என் மகனுக்கு நாலு வயசு, பால் ஆகாது. லாக்டோஸ் செரிக்காம வயிறு உப்புற கேஸ் இல்ல இது. பால்ல உள்ள புரதமே அவனுக்கு ஒத்துக்காது. ஆர்டர் கொடுக்கும்போதே கல்லாவுல இருந்தவர்கிட்ட இதை விளக்கமா சொன்னேன். "கவலையே படாதீங்கக்கா, எங்க க்ரீம் நான்-டெய்ரிதான். பாம் எண்ணெயில பண்றது, ஒரு சொட்டுப் பால் கிடையாது"ன்னார். பில்லுலயும் 'பால் கூடாது'ன்னு எழுதிக் கொடுத்தார்.

ரெண்டு வாய்தான் சாப்பிட்டான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, வாந்தி எடுத்தான். இருமல் வந்து மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். தொடையில அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீராச்சு. சில மணி நேரம் கழிச்சு மறுபடியும் வரலாம்னு ராத்திரி முழுக்க அங்கேயே வச்சுக்கிட்டாங்க.

மறுநாள் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் க்ரீம் வந்த டப்பாவைக் காட்டச் சொன்னார். முன்னாடி கொட்டை எழுத்துல 'நான்-டெய்ரி'. பக்கவாட்டுல எறும்பு சைஸ்ல 'சோடியம் கேசினேட்', அதுக்குக் கீழே 'பால் உள்ளது'. கேசினேட்னா பால்ல இருந்து எடுக்கிற புரதம்தான். எண்ணெயும் தண்ணியும் பிரியாம இருக்கவும், க்ரீம் அடிச்சா நுரை நிக்கவும் சேர்க்கிறாங்க. கடைக்காரர் சொன்ன பதில்: "சப்ளையர் சொன்னதைத்தான் சார் நாங்க சொன்னோம். காசைத் திருப்பித் தந்துடறேன், ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுடாதீங்க." அவர் ஃப்ரீசர்லயே இருந்த டப்பாவைப் படிக்க சப்ளையர் எதுக்கு?

2020ஆம் வருஷத்து லேபிள் விதிப்படி, பாக்கெட் உணவுல பால், முட்டை, வேர்க்கடலை, சோயா மாதிரி பொருள் இருந்தா 'உள்ளது'ன்னு தனியா போட்டே ஆகணும். க்ரீம் கம்பெனி போட்டுடுச்சு. ஆனா அந்த வரி கடை சமையலறையைத் தாண்டி நம்மகிட்ட வர்றதில்ல. நமக்கு வர்றது கடைப் பேர் மட்டும் அச்சடிச்ச அட்டைப்பெட்டி. மெனுவோட அலர்ஜி விவரம் தரணும்ங்கற விதியும் சென்ட்ரல் லைசென்ஸ் (மத்திய அரசு தர்ற உணவு உரிமம்) உள்ள கடைக்கும், பத்து இடத்துலயாவது கிளை வச்சிருக்கறவங்களுக்கும்தான். தெருமுனை பேக்கரிக்கு அது கிடையாது. நம்ம பிள்ளைங்க சாப்பிடறதோ பெரும்பாலும் அங்கதான்.

பச்சைப் புள்ளியைப் பார்த்து நிம்மதி ஆகாதீங்க, அது சைவம்னு மட்டும்தான் சொல்லும், பாலும் சைவம்தான். 'எக்லெஸ்'லயும் பெரும்பாலும் முட்டைக்குப் பதில் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ போடுவாங்க. டீ, காபி மெஷின்ல போடற க்ரீமர் பவுடர்லயும் இதே கேசினேட் வரலாம்.

வாய்ச்சொல் வேண்டாம். டப்பாவைக் கொண்டாரச் சொல்லி, பொருள் பட்டியலை போட்டோ எடுங்க. கேசின், கேசினேட், வே (whey, பால் திரிஞ்சா பிரியற தண்ணி), மில்க் சாலிட்ஸ், இதுல எது இருந்தாலும் அது பால்தான். காட்ட மறுத்தா வேற கடை பாருங்க.

பில்லுல இருந்த 14 இலக்க லைசென்ஸ் நம்பரை வச்சு அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தற ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல புகார் கொடுத்திருக்கேன். பில், டப்பா போட்டோ, டிஸ்சார்ஜ் சீட்டு மூணும் இணைச்சாச்சு. இன்னும் பதில் வரல.