சிங்கப்பூர் ஈரத்தில் அக்வாசால்: சில ஆண்டுகள் புழங்கிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்வாசால் நல்ல பசை, ஆனால் சிங்கப்பூரில் எல்லா வேலைக்கும் அதை எடுக்காதீர்கள். பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருவதில் பெரும்பங்கு தஞ்சாவூர் ஓவியங்கள்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாமி அறைகளிலிருந்தும், லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்துப் பழைய கடைகளிலிருந்தும் வரும். அவற்றை வைத்தே இந்தப் பசையை எடைபோடுகிறேன்.

கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: வேதிப்பெயர் பாலி(2-எத்தில்-2-ஆக்ஸசோலின்). வெளிர்மஞ்சள் குருணையாக வரும். 5, 50, 200, 500 என்று நான்கு வகை; அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் ஏறக்குறைய மூலக்கூறு எடை வந்துவிடும். எண் ஏற ஏறக் கரைசல் கெட்டியாகும், பிடிப்பும் கூடும். அமெரிக்காவில் ஓவியப் பாதுகாப்பு நிபுணர் ரிச்சர்ட் வோல்பர்ஸும் அவருடைய சகாக்களும் 1990களில் இதைச் சோதித்துப் பரிந்துரைத்த பிறகு, மரத்தின் மேலும் துணியின் மேலும் உரிந்து நிற்கும் வண்ணத்தைப் பிடித்துவைக்க இது பரவலானது.

தண்ணீரில் கரையும் பசைக்கு என்ன பஞ்சம், கஞ்சிப்பசை இல்லையா என்று கேட்கலாம். இது தண்ணீரில் மட்டுமல்ல, எத்தனாலிலும் அசிட்டோனிலும் கரையும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது வேலையில் உட்கார்ந்தால்தான் புரியும். பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, அதன்மேல் மக்கு வைத்து எழுப்பிய புடைப்பு, அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. மக்கு என்பது சுண்ணப்பொடியும் பசையும். பெரும்பாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். தண்ணீர்ப் பசையை நிறைய ஊற்றினால் பிடிக்க வேண்டியதே கரைந்துபோகும்.

ஓர் ஆன்ட்டி தன் மாமியார் காலத்துக் கிருஷ்ணரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, கடையில விக்கிற வெள்ளைப் பசைய வச்சு அமுக்கினா ஒட்டாதா?" என்றார். "ஒட்டும் ஆன்ட்டி. அப்புறம் அதை எடுக்கத்தான் வழியிருக்காது" என்றேன். வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட் பால்மம். காய்ந்த பிறகு தண்ணீரில் திரும்பக் கரையாது. முன்பு யாரோ அதை வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடிக் கல்லும் மக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தன.

கிருஷ்ணரின் தோள்வளையில் நகக்கண் அளவுக்கு ரேக்கு தூக்கி நின்றது; அடியில் வெறும் பொடி. மெல்லிய தூரிகை நுனியில் ஒரு சொட்டு எத்தனால் தொட்டு வைத்தால், விளிம்புக்கு அடியில் தானாக ஓடிவிடும். அது ஆவியாவதற்குள், பாதித் தண்ணீர் பாதி எத்தனாலில் கரைத்த 5 விழுக்காடு அக்வாசால் 200ஐ அதே வழியில் விட வேண்டும். எத்தனால் முன்னால் போய் ஈரப்படுத்தி வைத்திருப்பதால் பசை தயங்காமல் உள்ளே போகும், தண்ணீரும் பாதிதான். சிலிக்கான் தாளை வைத்து, இளஞ்சூடான சிறு கரண்டியால் மெதுவாக அமுக்கினால் ரேக்கு படிந்துவிடும். மேலே வழிந்ததை லேசாக நனைத்த பஞ்சால் துடைத்தால் தடமே இருக்காது. கோணலாக உட்கார்ந்தால் மறுபடி எத்தனால் காட்டி எடுத்து வைக்கலாம். இந்த ஒரு வேலைக்காகவே இதற்கு நூற்றுக்கு நூறு போடுவேன்.

குறை இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது. உலர்ந்த நிலையில் அக்வாசால் இளகத் தொடங்கும் வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்த ஈரமே அதை இளக்கும். இங்கே ஈரப்பதத்தின் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் 50 விழுக்காட்டை மனதில் வைத்து எழுதிய அறிவுரை இங்குள்ள தோ பாயோ வட்டாரத்து வீட்டுக் கூடத்துக்கு எப்படிச் சரிவரும்? கண்ணாடித் துண்டுகளில் இந்தப் பசையைத் தடவி, சிலவற்றை ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட்டிலும் சிலவற்றை ஜன்னலோரத்திலும் விட்டு வைத்தேன். கேபினெட்டில் இருந்தவை கெட்டியாக, ஆனால் நொறுங்காமல் இருந்தன. அந்த அளவுக்கு ஈரம் வற்றினால் விலங்குப் பசை வெடித்துப்போகும், இது போகவில்லை. ஜன்னலோரத்துத் துண்டுகள் மழை நாட்களில் விரலில் ஒட்டின, தூசியையும் வாரி அப்பிக்கொண்டன. 500ம் இதற்கு விதிவிலக்கில்லை.

அதனால் எடை தாங்க வேண்டிய இடத்தில் இதை நம்ப மாட்டேன். சுவரில் செங்குத்தாகத் தொங்கும் படத்தில் கண்ணாடிக் கல்லை இதால் ஒட்டினால், நாளடைவில் கல் கீழே நழுவும். கல்லுக்கு அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின்தான். ரேக்குக்கும் வண்ணத்துக்கும் இதைப் போட்டாலும், முன்னால் கண்ணாடி, பின்னால் மூடிய பலகை என்று சட்டமிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன். குளியலறைச் சுவரிலும் விளக்குக்கு நேர் மேலேயும் மாட்டாதீர்கள் என்று சொல்லியும் அனுப்புவேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

பழைய கொலு பொம்மையின் பொடிப்பொடியான வண்ணம், போஸ்டர் கலர் மாதிரி பளபளப்பே இல்லாத பரப்புகளில் கவனம் தேவை. 200 கொஞ்சம் கூடினாலும் இடம் கருத்து மினுங்கும். அங்கே 50ஐ 2, 3 விழுக்காட்டில் நீர்க்க வைத்துப் பார்ப்பேன். அதற்கும் மினுங்கினால் மீன்பசைதான், பேச்சே இல்லை.

பாலிவினைல் ஆல்கஹாலும் தண்ணீரில் கரையும், விலையும் குறைவு. அதை விட்டு ஏன் இது என்று பட்டறையிலேயே ஒருவர் கேட்டார். அது வயதாக ஆக மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து (குறுக்குப் பிணைப்பு) தண்ணீருக்கு மசியாமல் போகலாம். அக்வாசாலைச் செயற்கையாக முதுமையாக்கிப் பார்த்த சோதனைகளில் நிறமும் பெரிதாக மாறவில்லை, கரைதிறனும் போகவில்லை. நாளைக்கு இன்னொருவர் இதே படத்தைத் திறக்க வேண்டிவரும். அவருக்கு அது முக்கியம்.

வாங்குவோருக்கு: குருணையைக் காற்றுப்புகாத புட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே கட்டியாகிவிடும். கரைக்கும்போது கலக்கிக்கொண்டே நிற்க வேண்டாம், இரவு முழுக்க ஊறவிட்டால் தானே கரையும். கரைசலைக் கொஞ்சமாகவே போடுங்கள். வெளியூரிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு கடிக்கும், ஆனாலும் ஒரு புட்டி நீண்ட நாள் வரும். முதலில் 200 வாங்குங்கள், அப்புறம் 50. 500 இல்லாமலே சமாளிக்கலாம். எங்களுடையது வாங்கியபடியே அலமாரியில் இருக்கிறது.